கீரிமலையில் பாய்ந்தவன்

2025 ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடியும்வரை பொறுக்க முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவிலேயே கைப்பைக்குள் போனைத் திறந்தேன். நேற்று என் முகநூல் பக்கத்தில் போட்ட அவுஸ்திரேலிய விலங்குக்கு – சதுரக் கட்டிகளாய்ச் சாணம் போடுமாம் – சிரிப்புக்குறிகள் குவிந்து கிடந்தன.

வெளியே வந்ததும் எங்கள் சபை ஜெறோம் அண்ணை பிடித்துக்கொண்டார். "உலகத்துக் குப்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வாறாய். உனக்கு அலுக்கேல்லையோ, ஜெனிற்றா?"

அலுக்கவில்லை. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று மற்றவர்களின் முகத்துக்கு ஃபிரேம் தேடுகிறேன். வீட்டுக்கு வந்தால் என் கண்ணுக்கும் ஏதாவது வேண்டியிருக்கிறது. ஒன்று கிடைத்தவுடன் அடுத்தது எங்கே என்று மனம் ஓடுகிறது. ஏன் இப்படி?

ஜனவரி 15, புதன்

இன்று ஒரு புதையல். ஒல்லாந்துக்காரர் ஒருவர் 2003இல் யாழ்ப்பாணத்தைச் சைக்கிளில் சுற்றியபோது எடுத்த வீடியோ. யாருமே பார்த்ததாகத் தெரியவில்லை. கீரிமலைக் கேணிக்குள் ஒரு இளைஞன் பாய்கிறான். மேலே வந்து, வாய் நிறையத் தண்ணீரைக் கமராவை நோக்கிக் கொப்பளித்து, ஏதோ கத்திச் சிரிக்கிறான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, துள்ளல் இசை ஒன்று சேர்த்தேன். தலைப்பு: "கீரிமலை நீர்யானை".

ஜனவரி 17, வெள்ளி

கனடா, சுவிஸ், லண்டன் எல்லாம் ஓடுகிறது நீர்யானை. அடுத்தது என்ன போடலாம்?

ஜனவரி 18, சனி

கடையில் நிற்கும்போது மெசேஜ் வந்தது. நெல்லியடியிலிருந்து சுபாஸ்கரன் என்பவர்.

"அக்கா, அதிலை பாயிறது என்ரை அண்ணை கோபிசங்கர். 2007இலை வேலைக்குப் போனவர், திரும்பி வரேல்லை. தேடாத இடமில்லை. எங்களிட்டை அவரின்ரை அடையாள அட்டைப் படம் மட்டுந்தான் மிச்சம். அந்த வீடியோவிலை சத்தம் இருந்ததோ?"

தலைப்பை உடனே அழித்தேன். எத்தனை பேர் பார்த்துச் சிரித்த பிறகு!

சத்தம் இருந்தது. நான்தான் எடுத்தேன். அவன் என்ன கத்தினான் என்றுகூட நான் காது கொடுக்கவில்லையே. இறக்கிய பிரதியையும் அன்றே அழித்துவிட்டேன். மூல வீடியோவைத் தேடினால் அது இல்லை. அந்தக் கணக்கையே மூடிவிட்டார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

சுபாஸ்கரனோடு கதைத்தேன். "அண்ணை போகேக்கை நான் சின்னப்பிள்ளை. முகம் இப்பிடித்தான் இருந்ததெண்டு நினைக்கிறன். அம்மாவுக்கு இன்னும் காட்டேல்லை, அக்கா. முகம் படத்திலை கிடக்கு, குரல் மறந்துபோடுமோ எண்டுதான் அவவுக்குப் பயம். சத்தமில்லாமல் எப்பிடிக் காட்டுறது?"

எடுத்துத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். எங்கையிருந்து எடுக்கிறது? ஐயோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ எனக்கு.

ஜனவரி 28, செவ்வாய்

அந்த ஒல்லாந்துக்காரர் எழுதிய சைக்கிள் பயணக் குறிப்புகள் வேறொரு தளத்தில் அகப்பட்டன. அங்கே ஒரு முகவரி. எழுதியிருக்கிறேன். என் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. போனை எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். இன்று ஒரு அம்மாவுக்கு வேறொருவரின் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஒல்லாந்துக்காரரின் மகள் பதில் எழுதியிருக்கிறார். தந்தை இறந்துவிட்டார், கணக்குகளைத் தான்தான் மூடினாராம். பழைய வீடியோக் கசற்றுகள் பெட்டிகளில் கிடக்கின்றன, தேடிப் பார்க்கிறேன் என்கிறார்.

பெப்ரவரி 14, வெள்ளி

இன்னும் இல்லை.

மார்ச் 1, சனி

வந்துவிட்டது. சத்தத்தோடு. "ஐயா, இறங்குங்கோவன்! தண்ணி சோக்காய்க் கிடக்கு!"

இவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நெல்லியடிக்குப் போனேன். சுபாஸ்கரனின் தாய் மீனாம்பிகை அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் போனைப் பார்த்தா. முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கால் போடு, பிள்ளை" என்றா. போட்டேன்.

"இது கோபியில்லை."

"வடிவாய்ப் பாருங்கோ, அம்மா" என்றார் சுபாஸ்கரன்.

"பெத்தவளுக்குத் தெரியாதே? முகம் கொஞ்சம் அவன் மாதிரித்தான். சத்தம் அவன்ரை இல்லை."

எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சுபாஸ்கரன் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அம்மா மட்டும் மறுபடி போடச் சொன்னா.

"நல்லாய்ச் சிரிக்கிறான். இவன் இப்ப எங்கை?"

"தெரியாது, அம்மா."

"தேடிப் பார். இவனையும் ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள்."

மார்ச் 4, செவ்வாய்

இசையில்லாமல், சொந்தச் சத்தத்தோடு மறுபடி போட்டேன். "இவரைத் தெரியுமா?" என்று மட்டும் எழுதினேன். வேலையில் மனம் நிற்கவில்லை. ஆரும் தெரியுமெண்டு சொன்னால் – அவர் உயிரோடை இல்லையெண்டும் சொன்னால்? நான் ஏன் இதுக்குள்ளை வந்தன்?

மார்ச் 6, வியாழன்

"அது நான்தான். மகள் காட்டினவள். எல்லாரும் ஏன் கீழை அழுற முகமாய்ப் போட்டிருக்கினம்?" எழுதியவர் சிவதர்ஷன், கிளிநொச்சியில் மேசன் வேலை.

கடையிலேயே வாய்விட்டு அழுதேன். பிறகு அவரைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த அம்மாவை வந்து பாக்கலாமோ?" என்று கேட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

நெல்லியடி வீட்டுக்குச் சிவதர்ஷன் வந்தார். முன்தலை வழுக்கை, தொப்பை. படலையடியில் தயங்கி நின்று என்னிடம் மெல்ல, "நான் உயிரோடை வந்து நிக்கிறது பிழை மாதிரிக் கிடக்கு, அக்கா" என்றார்.

மீனாம்பிகை அம்மா அவரின் கன்னத்தைத் தடவிப் பார்த்தா. "எத்தினை பிள்ளையள், ராசா?" என்று கேட்டா. பெயர், படிப்பு எல்லாம் ஒவ்வொன்றாய் விசாரித்தா. சோறு போட்டா. சுபாஸ்கரன் முதலில் அவரை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. பிறகு தானாகவே எழுந்து அவருக்கு இன்னொரு துண்டு கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தார்.

நான் புறப்படும்போது அம்மா சாமியறைக்குள் போய்ச் சட்டம் போட்ட அந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்து வந்தா. "இதையும் போடு, பிள்ளை. ஆராவது காணட்டும்."

யன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் எடுத்தேன். பெயர், ஊர், காணாமற்போன ஆண்டு மட்டும் எழுதினேன். அங்கிருந்தே போட்டேன். முதல் ஆளாய்ச் சிவதர்ஷன் பகிர்ந்தார்.

வீடு வந்தும் போனில் கோபிசங்கரின் படத்தை மூடவில்லை. அடுத்தது எதையும் தேடவுமில்லை.