அறிவிப்புப் பலகையில் நான் எழுதியது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் எழுதக் கை வந்தது. நம் குடியிருப்புச் சங்கம் ஒன்றே முக்கால் மணி நேரம் விவாதித்து, இருவர் வெளிநடப்புச் செய்து, அதில் ஒருவர் திரும்பி வந்து, கடைசியில் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையை மூன்றடி இடப்பக்கம் நகர்த்துவதென்று தீர்மானித்தது. புதிய இடத்தில் முதலில் எதை ஒட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது, உன் படத்தை ஒட்டலாம் என்று சொன்னவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் போனை ஆபீஸில் சோதனைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டாலும் வாயால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

நீயும் உன் வழிகாட்டியும் ஜீப்பில் சாய்ந்து டீ குடிக்கும் படம் அது. 'எந்த ஊருன்னு கேட்காதீங்கப்பா, ஆயுதக் குழுக்காரங்க எங்களைத் தேடுறாங்க, படம் உங்க ரெண்டு பேருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு வாக்குத் தவறாதவன். கண்டுபிடித்தேன். சங்கச் செயலாளர் எல்லோர் முன்னாலும், 'என்ன சார், பெத்த பொண்ணு எங்க இருக்குன்னே தெரியல, நெஜமாவே பத்திரிகை வேலைதானா, இல்ல...' என்று இழுத்தார். அந்த 'இல்ல'தான் என்னைக் கெடுத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். 'அவர் இழுத்தா நீங்க ஏன் பின்னாடியே போறீங்க?' என்றாள். முப்பத்தொரு வருடம் வரைபட அலுவலகத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் கோடு போட்டவன் நான். உன் பின்னால் இரட்டை முகடுள்ள மலை, வடக்கே திரும்பும் ஆறு, வளைவில் ஒரு பாலம். பூதக்கண்ணாடியோடு இரண்டு மத்தியானம் உட்கார்ந்தேன், ஊர் கிடைத்தது. வேலையில் இருந்த நாளில்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ஊர்ப் பெயரை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, படத்துக்குக் கீழே கறுப்பு மையில் அச்சுப்போல எழுதி ஒட்டினேன். செயலாளர் அதைப் போனில் படமெடுத்து 'எங்கள் குடியிருப்பின் வீரமங்கை' என்று ஊருலகத்துக்கெல்லாம் பரப்பினார். நான் அதற்கு இதயம் போட்டேன்.

ஐந்தாம் நாள் துப்பாக்கிக்காரர்கள் உன் லாட்ஜ் கதவை உடைத்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் நீயும் வழிகாட்டியும் கிளம்பியிருந்தீர்கள். இதோடு நின்றிருந்தால் முட்டாள்தனம் என்று மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். உன் பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, மிகவும் மரியாதையாக, 'வீட்லேர்ந்து படமோ இடமோ வெளியே போச்சா சார்?' என்று கேட்டார். 'எங்களுக்கே இடம் தெரியாதே சார்' என்றேன். போனை வைத்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடிப் படத்தைக் கிழித்தேன். செயலாளரையும் அழிக்க வைத்தேன். மறுநாள் நீ ஆபீஸ் போனிலிருந்து பேசினாய். இடம் தெரிந்தவர்கள் நீ, ஆசிரியர், வழிகாட்டி மூவர்தான், அதனால் எல்லோருக்கும் வழிகாட்டி மேல் சந்தேகம் என்றாய். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லப்பா, ஆனா வேற யாரு?' என்று அழுதாய். 'காலம் அப்படிம்மா, யாரையும் நம்ப முடியல' என்று இந்த வாயால்தான் சொன்னேன். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று நீ சொன்னபோது இருமினேன். இருமல் வந்ததால் அல்ல.

எல்லாம் தெரிந்த பிறகு அம்மா என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறாள். இந்தக் கடிதத்தை உன் ஆசிரியரிடம் அப்படியே காட்டு. அப்பா மானம் போகுமே என்று ஒரு வரியையும் மறைக்காதே, அது போய் நாளாயிற்று. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. இனிமேல் படத்தை அம்மாவுக்கு அனுப்பு, என்னிடம் காட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பு. எந்த ஊரில் இருந்தாலும், அது எனக்குத் தெரியாமலேயே, நூறு வயசு நன்றாக இரு கண்ணு.

தலை குனிந்து,
உன் அப்பா

பி.கு.: கடிதம் வந்து சேர நாளாகுமே என்று, உறையை ஒட்டுமுன் உன் ஆசிரியருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வழிகாட்டியைத் திங்கட்கிழமையே வேலையிலிருந்து நீக்கி, ஆபீஸ் தங்குமிடத்திலிருந்து சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். புதன்கிழமை காலை ஆயுதக் குழுக்காரர்கள் அவரை வீட்டு வாசலிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.