மூங்கில் கட்டுப் போட்ட துருக்கிக்காரன்

என் வீட்டு மகாராணிக்கு,

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் கடிதம். உன் பெர்லின் ஆஸ்பத்திரிக்கு முழங்கால் வலியோடு வந்த அந்தத் துருக்கிக்காரரைப் பற்றி இதுவரை ஆறு தடவை சொல்லிவிட்டாய். இஸ்தான்புல்லில் பெரிய நடிகராம், ஊரை விட்டு வந்து இப்போது படம் எடுக்கிறாராம். என் சர்க்கரை அளவை ஒரே தடவைதான் விசாரித்தாய்.

அவருடைய புதுப் படத்தை நேற்று பக்கத்து வீட்டு ரூபாவின் போனில் பார்த்தேன். கதாநாயகன் மின்விசிறி துடைக்க முக்காலியில் ஏறி விழுகிறான். என் கை முறிந்தபோது புத்தூரில் போட்டார்களே, அதே மூங்கில் பத்தைக் கட்டு அவன் கையிலும். தெருவில் எல்லோரிடமும் மாடு முட்டியது என்று புளுகுகிறான். ரூபா என் பக்கம் திரும்பினாள்.

“இன்னா மாமா, உன்ன மாரியே கீறான்! அவனையும் மாடு முட்டிச்சாமே?”

“மாடு எல்லா ஊர்லயும் முட்டும், போம்மா.”

நானும் முக்காலியிலிருந்துதான் விழுந்தேன் என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். அதை அவரிடம் எப்போது, எங்கே உட்கார்ந்து சொன்னாய்?

படத்தில் அவன் மனைவியும் வெளிநாட்டில் நர்ஸ். அவள் ஊர் திரும்புகிறாளா என்று தெரிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ரூபா சார்ஜரை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

முடிவை நீயே எழுது.

இப்படிக்கு,
மாடு முட்டிய உன் வீட்டுக்காரன்