வெல்லப்பாகு வாசனை

மஸ்கட்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சங்கரிக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? மாமாவுக்கு இருமல் நின்றதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு ஓர் ஆரணிப் பெண் தன் பத்து நாள் குழந்தையின் சிறுநீரைக் கொண்டுவந்தாள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்ததாம். "நாலு நாளா துணி மாத்தும்போதெல்லாம் வெல்லப்பாகு வாசனை வந்துக்கினே இருக்குது சார். சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள்.

நானும் சிரித்திருப்பேன். மாமா ஞாபகம் வந்தது. பட்டு இழையைக் கொளுத்தி, "முடி கருகுற வாசனை வருது பாரு மாப்ள, சுத்தப் பட்டு" என்பாரே. புட்டியைத் திறந்து முகர்ந்தேன். வெல்லப்பாகேதான்.

மற்றதைத் தள்ளி வைத்துவிட்டு அமினோ அமிலச் சோதனையை உடனே போட்டேன். பாலிலிருந்து வரும் மூன்று அமினோ அமிலங்களை குழந்தையின் உடம்பால் கையாள முடியவில்லை; அவை தேங்கித்தான் அந்த வாசனை. திரையில் அவை கோபுரமாக எழுந்து நின்றன. பாலை மாற்றிச் சிகிச்சை தொடங்கினார்கள். இன்று அந்தக் குழந்தை வார்டே அதிர அழுதது. எங்கள் பெரிய மெஷின் சொன்னதை அவள் மூக்கு நான்கு நாள் முன்பே சொல்லிவிட்டது, சங்கரி.

நம் பையனுக்குப் பிறந்தபோதே சோதித்தாயிற்று; கவலைப்படாதே.

என்னோடு வேலை செய்யும் ஜான் பாஷா பத்தாம் தேதி ஊரிலிருந்து திரும்புகிறார். பருப்புப்பொடி கொடுத்தனுப்பு. கூடவே பையன் போட்ட சட்டை ஒன்று, துவைக்காமல். நாற்பது நாளாக வீடியோவில் முகம்தான் பார்க்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. சட்டையைத் தனிக் கவரில் கட்டு. பொடியோடு வைத்தால் அதன் வாசனை சட்டையில் ஏறிவிடும்.

உன்
சிவபாலன்