மூன்றாம் அடுக்குச் சுறாப்பல்

8-2-1981, ஞாயிறு
கொல்லத்துக்குப் பக்கத்தில் காயலோரப் பாறைச் சரிவு. விடிந்ததிலிருந்து பொறுக்கினேன். கல்லாய் இறுகிய சிப்பிகள் பத்தொன்பது, சுறாப்பல் ஒன்று. தொல்லுயிர்ச் சங்கம் ஆர்வலர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழுக்கு இருபது போதும். அது இருந்தால்தான் என்னைப் போன்றவன் கொண்டுபோகும் கல்லை மியூசியத்தில் வாங்குவார்கள். சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்த ஐந்து பாறை அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரே பையில் போட்டுக்கொண்டேன்.

9-2-1981
விண்ணப்பத்தை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். ஒவ்வொரு கல்லும் எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதவேண்டுமாம். இருபது வருஷமாக மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் சாம்பிள் எடுக்கிறவன் புத்தி வேறெப்படிப் போகும்? மூட்டைக்கு மூட்டை குத்தூசி விட்டு எடுத்து, எல்லாவற்றையும் கலந்து ஒரே பொட்டலம். மிளகுக்கு அதுதான் நியாயம். இங்கே எல்லாம் பாழ்.

10-2-1981
மறுபடி போக லீவு இல்லை. விண்ணப்பத்தையும் கற்களையும் நாளை தபாலில் சேர்த்தாகவேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினேன் — என்ன ஞாபகம்? பல்லுக்கு மூன்றாம் அடுக்கு என்று போடும்போது கை நின்றது. பிறகு போட்டுவிட்டேன்.

2-5-1981
சான்றிதழ் வந்தது. பத்தாவதோடு நின்றவன் பெயருக்குக் கீழே முத்திரை. கல் பொறுக்கிப் பைத்தியம் என்று என்னைக் கேலி செய்த காமாக்ஷியே கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். என் பெண்டாட்டி முகத்தில் இப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

17-6-1981
சங்கத்துப் பரிசோதகர் ராமபத்ரன் சார் கிடங்கு போனில் கூப்பிட்டார்.
"வைத்தீஸ்வரன், உங்க பல்லு சாதாரண சமாசாரமில்லை, கேட்டோ. மூணாம் அடுக்குன்னா அந்தப் பாறையோட வயசே மாறும். மழை கழிஞ்சதும் அங்கே தோண்டப் போறோம். உங்க குறிப்பை நம்பித்தான்."
சரி சார் என்றேன். போனை வைத்துவிட்டுக் கிடங்குக்குள் போனேன். கோழை.

18-6-1981
இரண்டு தடவை கிடங்கு போன் வரை போய்த் திரும்பினேன்.

21-6-1981, ஞாயிறு
காமாக்ஷியிடம் சொல்லிவிட்டேன்.
"அப்போ அந்த சாரு வெறுதே, வீணா தோண்டுவாரோ?"
"ஆமாம்."
"எழுதிப் போட்டுடுங்கோ."
எழுதினேன். அடுக்கு எனக்குத் தெரியாது, நானாகப் போட்டது, சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. அவளே அதைச் சுவரிலிருந்து இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினாள்.
"நித்தம் தொடச்சேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை சொல்லுங்கோ."
இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "இவர் எழுதும் களக்குறிப்பை நம்பலாம் என்று சான்றளிக்கிறோம்."
அவள் உறையை ஒட்டப் பசை எடுத்துவர உள்ளே போனாள்.