தஹ்ஸீனுக்கு எந்த குரூப்

மே 11, ஞாயிறு

குழாய்க் கம்பெனிக்காரர்கள் அவர் கடைக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியில் நாலு நாள் எழுதி, அப்படியே விட்டுவிட்டேன். இன்று மறுபடி எடுத்திருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அவர் மகள் தஹ்ஸீனைக் கேட்டார்: "எந்த குரூப் எடுக்கறதா இருக்கம்மா?" நான் சோற்றில் மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் முள்ளை எடுத்துக்கொண்டே, "தெரியலத்தா. பயோ-மேத்ஸ் எடுக்கலாம், இல்லன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ். மார்க் வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

பாக்கலாமாம். செருப்புக் கடையில் நிற்பதுபோல.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்று எழுதினது பொய். தெரியும்.

மே 16, வெள்ளி

பத்தாவது ரிசல்ட். 463. கணக்கில் 98, அறிவியலில் 96. அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டு அல்ஷிஃபா 430. ரெண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படியில் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

ஜும்மா முடிந்து அவர் மைசூர்பாகோடு வந்தார். அவள் தலையில் கை வைத்து துஆ செய்தார். கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது ரெண்டு தடவை. இது மூன்றாவது.

பிறகு சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நீ எத்தனை எடுத்தே கமரு? பாஸ்தானே?" என்றார்.

441. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது. "பாஸ்தான்" என்றேன்.

மே 17, சனி

இன்று கடையை மத்தியானத்தோடு அடைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பயோ-மேத்ஸ், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதி அவளோடு உட்கார்ந்துவிட்டார். எது படித்தால் எங்கே போகலாம், எது கஷ்டம், எது பிடிக்கும். "ஒனக்கு எது பிடிக்கும், அதச் சொல்லும்மா, மத்தத அத்தா பாத்துக்கறேன்."

தஹ்ஸீன் பிறந்த அன்றைக்கும் அரை நாள்தான் கடை அடைத்தார்.

டீ கொண்டுபோய் வைத்தேன். ரெண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டிருந்தேன். என்ன இது, பெற்ற மகளைப் பார்த்து வயிறு எரியுமா? எரிகிறதே. நெஞ்சில் இல்லை, சரியாக வயிற்றில்.

நான் பத்தாவது முடித்த வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். எனக்கு ஃபர்ஸ்ட் குரூப்பில் சீட் போட்டு வைத்திருந்தார்கள். "ஒரு வருஷம் போகட்டும்மா, வீட்டைப் பாக்க ஆள் வேணும்ல" என்றார் என் அத்தா. கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். அதே வாரம் ஹாலித் அண்ணனைப் பாலிடெக்னிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை.

மே 19, திங்கள்

மூன்று பேரும் ஸ்கூலுக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தோம். கடைசியில் பயோ-மேத்ஸ்தான். அல்ஷிஃபா கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரே ஸ்கூல் என்பதால் ரெண்டுக்கும் சந்தோஷம்.

படிவத்தில் தாயின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். என்னைக் கேட்காமலே பத்தாம் வகுப்பு என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. ஃபோன் நம்பர் கேட்டபோது அவர், "அம்மா நம்பரே போடு. கடையில நான் எங்க எடுக்கப் போறேன்" என்றார்.

மே 20, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டர் சயின்ஸே எடுத்திருக்கலாமோ என்றாள். மத்தியானம் இல்லை, பயோதான் என்றாள். சாயங்காலம் மறுபடியும். என்ன கொடுத்துவைத்தவள்.

மே 22, வியாழன்

காலை பத்தே முக்காலுக்கு ஸ்கூலிலிருந்து மெசேஜ். பயோ-மேத்ஸ் முதல் பட்டியலில் தஹ்ஸீன் பெயர் இருக்கிறது. நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு பெற்றோரில் ஒருவர் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அவள் அல்ஷிஃபா வீட்டில் இருந்தாள். வந்ததும் சொல்லலாம் என்று ஃபோனை அரிசி டிரம் மேல் வைத்தேன்.

ஒரு மணிக்கு வந்தாள். ரெண்டு பேரும் பஸ்ஸில் போவதா, சைக்கிளில் போவதா என்று ஒரே பேச்சு. நான் சோறு போட்டேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றாள். ஊற்றினேன்.

சொல்லவில்லை.

அவர் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். வந்து காலைக் கழுவிக்கொண்டே, "ஸ்கூல்லேருந்து எதுவும் வந்துச்சா?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். "இல்லீங்க" என்று வந்தது.

நாளைக்குக் காலையில் சொன்னாலும் போதும். பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது.

மே 23, வெள்ளி

காலையில் சொல்லவில்லை. அவர் போனார். அவள் துணி மடித்துவைத்தாள். நான் வெங்காயம் நறுக்கினேன். பதினொன்றரைக்குக்கூட ஆட்டோ பிடித்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஸ்கூல் அத்தனை பக்கம்.

ஜும்மாவுக்கு பாங்கு சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். முடிந்துபோயிருந்தது.

இப்போது மணி மூன்று. வீடு அமைதியாக இருக்கு. அல்லாஹ்வே, நான் என்ன பண்ணிட்டேன். எதுக்குப் பண்ணினேன். ஒரு வாய் வார்த்தைதானே. சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பேன்?

மே 24, சனி

அல்ஷிஃபாதான் வந்து சொன்னாள், பயோ-மேத்ஸ் பட்டியல் முடிந்து இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று. தஹ்ஸீன் என் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். மெசேஜ் அங்கேயே இருந்தது. அழிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எப்பம்மா வந்துச்சு இது?"

"பாக்கலையேடி" என்றேன்.

குப்புறப் படுத்துக்கொண்டு அழுதாள். அவரை வரச்சொல்லி ஃபோன் செய்தேன். வந்தவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "அவளுக்கு எங்க ஃபோனப் பாக்க நேரம் இருக்கு. நான்தான் என் நம்பரக் குடுத்திருக்கணும்" என்றார். தஹ்ஸீன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா வேணும்னா செஞ்சுது? விடுங்கத்தா" என்றாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்ல முடியும்? அவள் அழும்போது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இப்பத் தெரியுதா என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். அவளுடைய குரல் என் குரல்தான்.

மே 26, திங்கள்

மளிகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். அட்மிஷன் பார்ப்பது மீனாம்பாள் டீச்சர். ஐம்பது வயதிருக்கும். வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள்.

"ஃபில் ஆயிடுச்சும்மா. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு இடம் இருக்கு, வேணும்னா பாருங்க" என்றார்.

"அவளுக்கு பயாலஜிதாங்க டீச்சர் வேணும்."

"இவ்ளோ வேணும்னு இருந்தா அன்னைக்கே வந்திருக்கணுமில்ல." பேப்பரில் எழுதிக்கொண்டே சும்மா கேட்பதுபோலக் கேட்டார், "நீங்க எந்த குரூப்மா படிச்சீங்க?"

முப்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. யாரும் கேட்டதில்லை. எதிர்பார்க்கவே இல்லை.

"ஃபர்ஸ்ட் குரூப்ல சீட் கெடச்சுதுங்க. போகல" என்றேன். அவர் மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். என்ன அசிங்கம். வாசலில் வேறு பெற்றோர்கள் நின்றிருந்தார்கள்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவைத்தார். நான் முகத்தைத் துடைத்தபிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "பொன்மலைல இந்த ஸ்கூல்ல பயோ-மேத்ஸுக்கு இன்னொரு செக்‌ஷன் ஆரம்பிக்கறாங்க. வெள்ளிக்கிழமை விண்ணப்பம் வாங்குவாங்க. பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவை நேரத்துக்குப் போங்க."

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒன்றுதான் ஓடியது. சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

மே 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பொன்மலை ஸ்கூல் விஷயத்தை முதலில் சொன்னேன். முகம் மலர்ந்து என் கையைப் பிடித்தாள். அந்தக் கை என்னைத் தொட்டபடி இருக்கும்போதே சொன்னேன்.

"அந்த மெசேஜ நான் பாத்தேன்டி. வந்த ஒடனே பாத்தேன்."

"பாத்தியா? மறந்துட்டியா?"

"மறக்கல."

புரியாமல் நின்றாள். "பின்ன ஏம்மா சொல்லல?"

"பொறாமை."

"யார் மேல?"

"ஒம் மேல."

முதலில் சிரிக்கப் பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

நான் என்னென்னமோ சொன்னேன். ஆபரேஷன், ஒரு வருஷம், 441, எல்லாம். பாதியிலேயே, "அதுக்கு நான் என்னம்மா பண்ணினேன்?" என்றாள். அவள் ஒன்றும் பண்ணவில்லை. துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். கொடியில் என் துப்பட்டா மட்டும் கிடந்தது.

மே 28, புதன்

பேசவில்லை. தட்டைத் தானே கழுவி வைக்கிறாள்.

மே 29, வியாழன்

பேசவில்லை. அத்தாவிடமும் சொல்லவில்லை. அவர், "என்ன ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லத்தா, தலவலி" என்றாள். நான் செய்ததை அவள் மூடி வைக்கிறாள். இது எனக்குத் தாங்க முடியவில்லை.

மே 30, வெள்ளி

எட்டு மணிக்கெல்லாம் பொன்மலை ஸ்கூல் வாசலில் நின்றோம். கேட்டே திறக்கவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டு வந்தாள்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் ஆபீஸில் தலையாட்டிவிட்டார்கள். சீட் கிடைத்துவிட்டது. பயோ-மேத்ஸ், இங்கிலீஷ் மீடியம். அல்ஷிஃபா இல்லாமல் தனியாகத்தான் போக வேண்டும். அதுவும் நான் செய்ததுதான்.

படிவத்தை அவளே எழுதினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபோன் நம்பர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அத்தா நம்பரை எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "ஏம்மா என் நம்பரு? கடையில நான் எங்க கேக்கப் போறேன்" என்றார்.

"இருக்கட்டும்த்தா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத் பெருநாள். எல்லோரையும் கட்டிப்பிடித்து முபாரக் சொன்னாள். கடைசியாக என்னிடம் வந்தாள். கட்டிப்பிடித்தாள். ரெண்டு எண்ணுவதற்குள் விட்டுவிட்டாள். ஆனால் வந்தாள்.

ஜூன் 12, வியாழன்

புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். தாள் சுருண்டுகொண்டே இருந்தது. உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பயாலஜி புத்தகம் வந்தபோது நான் திறந்து பார்க்கவில்லை. திறக்க ஆசைதான். கை அரித்தது. மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"எடுத்துப் பாரேன்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "ஸ்கூல் தொறக்கற வரைக்கும் சும்மாதான கெடக்கும்."

என்னால் அவள் முன்னால் எடுக்க முடியவில்லை. அவள் கடைக்குப் போனபிறகு எடுத்தேன். முதல் பாடத்தில் பாதி புரிந்தது. மீதி புரியவில்லை. புரியாததில்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். ஏழரை மணி பஸ். அவர் பைக்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். டயர் பஞ்சர். அதனால் ஸ்டாப் வரைக்கும் நான் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஸ்டாப்பில் அவள் வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். புதுச் சீருடை, புது ஷூ. ஒருத்தி இவளிடம், "நீ எந்த குரூப்?" என்று கேட்டாள். "பயோ-மேத்ஸ்" என்றாள் தஹ்ஸீன். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் எரிந்தது.

பஸ் வந்தது. கூட்டம். டிரைவர் நிறுத்தாமல் போய்விடுவார்போல மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். நான் ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையைக் காட்டினேன். டிரைவர் ஏதோ சத்தம் போட்டார். போட்டுவிட்டுப் போகட்டும். நின்றது. பிள்ளைகள் எல்லாம் ஏறும் வரைக்கும் நான் நகரவில்லை.

தஹ்ஸீன் கடைசியாக ஏறினாள். படியில் நின்று திரும்பி, "போயிட்டு வரேன்மா" என்றாள்.