வீடியோவை நீக்கவில்லை

வியாழன், இரவு.

எங்கள் தீவில், அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் ஒரு ஹோட்டலின் கழிவுநீர் கடலில் கலப்பதை வீடியோ எடுத்து நேற்று என் இணையச் சேனலில் போட்டேன். இன்று காலை ஹோட்டல் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அத டிலீட் பண்ணிரும்மா. வருசம் பூரா உனக்கு விளம்பரம் தாரேன்."

நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையில் இந்த ஒரு பேச்சுக்கே செய்தி காணாமல் போயிருக்கும். அது பிடிக்காமல்தான், சந்தா கட்டிப் பார்ப்பவர்களை நம்பிச் சேனல் தொடங்கினேன்.

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. உங்க பதிலையும் போடறேன், பேசுங்க" என்று ஃபோனை நீட்டினேன்.

முறைத்தார். பிறகு, "டீக் ஹை, சரி, எடும்மா" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பத்து நாளில் கடலுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயை மாற்றுவதாகச் சொன்னார்.

அந்த விளம்பரம் வந்திருந்தால் நல்ல கேமரா வாங்கியிருக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை. இருந்தாலும் பத்து நாள் கழித்து ஃபெர்ரி ஏறிப்போய் அந்தக் குழாயைப் பார்ப்பேன், இதே ஃபோனோடு.