கரடி மணியும் மஞ்சள் அட்டையும்

நயினை அம்பாள் துணை

நாரந்தனை,
24.09.2025

அன்பு மகன் நிலக்ஷனுக்கு,

இங்கே நான், அம்மா, வெள்ளாடு மூவரும் சுகம். அங்கே நீயும் உன் கூடாரமும் சுகமாக இருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் ஓம் அப்பா, ஓம் அப்பா என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், எழுத்தென்றால் முடியும்வரை வாசித்துத்தான் ஆகவேண்டும், அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் நீ மலை ஏறி இறங்கிய பிறகுதான் வந்து சேரும், ஆகவே அம்மா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவா.

என் பிறந்தநாளுக்கென்று நீ ஒரு வருடத்துக்குச் சந்தா கட்டிய பெட்டிகளில் ஐந்தாவது போன கிழமை வந்தது. காட்டில் அகப்பட்டால் உயிர் தப்புவதற்கு மாதம் ஒரு பெட்டி. தபால்காரர் எமிலியானுஸ் இப்போது பெட்டியைத் தந்துவிட்டுப் போவதில்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிரிச்சுக் காட்டுங்கோ சேர் என்கிறார். முதல் பெட்டியில் வந்தது திசைகாட்டி. இருபத்தெட்டு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறவனுக்கு வடக்கு எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு சாமான்! எமிலியானுஸ் சிரித்த சிரிப்பு அடுத்த பெட்டி வரும்வரை காணும். என்னைத் தாண்டிப்போய்ப் பள்ளிக்கூட அதிபர் கதிரையில் இருக்கிற மனுசனுக்கு அதைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், அவருக்குத்தான் கிழக்கு மேற்குத் தெரியாது, ஆனாலும் அவருக்கு ஒரு சாமான் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவதில் கரடி மணி. பையில் கட்டிக்கொண்டு நடந்தால் சத்தம் கேட்டுக் கரடி விலகிப்போகுமாம். ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டேன். இன்றுவரை ஒரு கரடி நாரந்தனைப் பக்கம் தலைகாட்டவில்லை, மணி நன்றாக வேலை செய்கிறது என்று அந்தக் கொம்பனிக்கு எழுதிப்போடு. மூன்றாவதில் வந்த வெள்ளிப் போர்வையை அம்மா கீலம் கீலமாக வெட்டி மிளகாய்க் கன்றுகளுக்கு மேலே கட்டினா, கிளிகள் வருவதில்லை.

நாலாவதுதான் என்னை மானங்கெடுத்தது. குளத்துத் தண்ணீரையும் உறிஞ்சிக் குடிக்கலாம் என்று ஒரு குழாய். பவுசர் வண்டித் தண்ணீருக்கு வாளியோடு நிற்கிற, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் கேள்விப்பட்டால் விடுமா, சேரின் மகன் உவர்க் கிணற்றை நன்னீராக்கிற சாமான் அனுப்பியிருக்கிறான் என்று எங்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழாயை எடுத்து முதலில் எமிலியானுஸிடம் கொடுத்தேன். மனுசன் ஒரு இழுவை இழுத்து, விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் நின்றுவிட்டு, சேர், இதைக் கடலிலயே குடிச்சிருக்கலாம் என்றார். பிறகுதான் கூட வந்த தாளை வாசித்தேன். கிருமியை எடுக்குமாம், உப்பை எடுக்காதாம். படித்தவன் வாசிக்காமல் விட்ட பிழை என்று இரண்டு நாளாக ஒழுங்கை முழுதும் அதே கதை.

அதனால் ஐந்தாவது பெட்டியில் இருந்த மஞ்சள் அட்டைக் கட்டை எழுத்து விடாமல் வாசித்தேன். வெளிக்கிடுமுன் எங்கே போகிறாய், எந்த வழியால், எப்போது திரும்புவாய், சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டிய ஆள் யார் என்று நிரப்பி, அந்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் கொழும்பில் நேர்முகத் தேர்வு என்று சொல்லிப் போன நீ நாலாம் நாள் கனடாவிலிருந்து கதைத்தாய். விமான நிலையத்தில் உனக்குக் கை காட்டினது நெடுந்தீவு மாமி. என் கூடப்பிறந்த தங்கச்சிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்றையிலிருந்து அவளோடு நான் கதைக்கவில்லை, அது உனக்குத் தெரியும். அம்மா எனக்குத் தெரியாமல் அவளோடு கதைக்கிறா என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

இப்போது அடுத்த மாதம் நீண்ட விடுமுறைக்குப் பனி மலைக்குத் தனியே போகிறாயாம், மூன்று இரவாம், அங்கே போன் வேலை செய்யாதாம். இதையும் அம்மா வாய் தவறி, மச்சாள் சொன்னவ என்று மாமியை இழுத்ததில்தான் அறிந்தேன். மஞ்சள் அட்டையைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் போட்டு, இதிலேகூட அவன் என் பெயர் எழுதமாட்டான் என்றேன். அம்மா தேங்காய் துருவுகிற கையை நிறுத்தவில்லை.

“உங்களிட்டச் சொன்னால் மறிப்பியள். அதுதான் பிள்ளை சொல்லேல்ல.”

மறிக்கிறவன்தான் தேடியும் வருவான் என்று சொன்னேன். நல்ல பதில் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா மற்றதைச் சொன்னா. போன மாரியில் நீ சொன்ன நாளுக்கு வராமல் இரண்டு நாள் பனிக்குள் நின்றாயாம். அப்போதும் நீ இப்படியொரு அட்டை நிரப்பிக் கொடுத்திருந்தாயாம், அதில் இருந்த பெயர் மாமியுடையது. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாளாம். அண்ணையிட்டச் சொல்ல வேணும் மச்சாள், ஆனால் அவர் என்ர குரலைக் கேட்டால் போனை வைச்சிடுவார் எண்டு அழுதாளாம். உண்மை, வைத்திருப்பேன். ஒன்பது வருடமாக நீ போகிற மலைகளுக்கெல்லாம் அவள் தனியே காவல் இருந்திருக்கிறாள், நான் இங்கே ஆட்டுக்கு மணி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆகவே போகாதே என்று எழுதப்போவதில்லை. எழுத ஆசை, எழுதவில்லை, அதைக் கணக்கில் வை. ஒரு அட்டையை நிரப்பிப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. மாமியின் பெயரை வெட்ட வேண்டாம், அதற்குக் கீழே என் பெயரையும் எழுது. கனடாவில் பனிக்குள் தேட எனக்குத் தெரியாது, ஆனால் யாரை எழுப்ப வேண்டும் என்று இலக்கம் தந்தால் அவர்கள் எழும்பும்வரை விடமாட்டேன், கோபத்தை விடாத மனுசன் என்று ஊரே சொல்லும். காலுறை இரண்டு சோடி கொண்டுபோ. கரடி மணி உன்னிடம் இல்லையென்றால் சொல்லு, ஆட்டிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் நியாயமில்லை என்று ஒரு அட்டையை நானும் நிரப்பினேன். அதை அப்படியே கீழே எழுதுகிறேன். அம்பாள் உனக்கு நீண்ட ஆயுளையும், பனிக்குள் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

போகும் இடம்: நெடுந்தீவு, தங்கச்சி வீடு.
வழி: பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து காலைப் படகு.
நாள்: 27.09.2025, புரட்டாதிச் சனி.
கூடப் போவோர்: ஒருவருமில்லை. அம்மா வருகிறேன் என்றா, வேண்டாம் என்றேன்.
கொண்டுபோவது: அம்மா கட்டித்தரும் பனங்கட்டி, ஒரு மஞ்சள் அட்டைக் கட்டு.
திரும்புவது: பின்னேரப் படகு. அவள் நில் என்று சொன்னால் அடுத்த நாள் காலைப் படகு.
வராவிட்டால் தேட வேண்டிய ஆள்: நிலக்ஷன்.

இப்படிக்கு,
உன்னை மறிக்காத
அப்பா